கிங்ஸ்ரன் ஏரிக்கப்பல்கள்: 1988-ல் எடுத்த வீடியோ நாடாக்களை எப்படிக் காப்பாற்றலாம்?

நீராழி (ஸ்காபரோ)

வணக்கம் நண்பர்களே. எனக்குச் சுழியோடக் கற்றுத்தந்த ஆசிரியர் வீட்டிலிருந்து போன மாதம் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. அவருக்கு இப்போது 78 வயது. வீட்டை விற்றுவிட்டுச் சிறிய இடத்துக்குப் போகிறார். பெட்டிக்குள் பதினேழு 8 மி.மீ. வீடியோ நாடாக்கள். 1988 முதல் 1993 வரை கிங்ஸ்ரன் பக்கம் ஒன்ராறியோ ஏரியின் அடியில் கிடக்கும் கப்பல்களை அவரே எடுத்தவை. "நீ வைத்துக்கொள். என் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை" என்றார்.

அவருடைய பழைய கமராவிலேயே ஒரு நாடாவைப் போட்டுப் பார்த்தோம். 'கொமெற்' என்ற துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல். 1861-ல் ஒரு பாய்க்கப்பலோடு மோதி மூழ்கியது. சுமார் 25 மீற்றர் ஆழத்தில் அதன் இரண்டு பெரிய சக்கரங்களும் இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கின்றன. நானே அங்கே நாலு தடவை இறங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நாடாவில் கண்டதை நான் ஒருபோதும் கண்டதில்லை. தண்ணீர் பச்சையாக, கஞ்சி மாதிரிக் கலங்கி இருக்கிறது. கமரா சக்கரத்தின் ஒரு கைக்கு ஒரு முழம் கிட்டப் போகிறது. மரத்தின் ரேகை தெரிகிறது. ஆணி அடித்த இடத்தில் துருப்பிடித்த வட்டம் தெரிகிறது. ஒரு பலகையின் விளிம்பு, யாரோ நேற்றுச் சீவியது போலக் கூராக இருக்கிறது.

இப்போது அதே இடத்தில் இறங்கினால் தண்ணீர் கண்ணாடி. தொலைவிலிருந்தே முழுச் சக்கரமும் தெரியும். ஆனால் மரம் தெரியாது. ஓர் அங்குலம் விடாமல் மட்டி அப்பியிருக்கும். அன்றைக்குத் தண்ணீர் மறைத்தது, மரம் தெரிந்தது. இன்றைக்குத் தண்ணீர் காட்டுகிறது, மரம் மறைந்துபோனது.

இரண்டாவது நாடாவைப் போடப் போனபோது கமரா அதை இழுத்துச் சிக்கவைத்துவிட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். இவற்றை எப்படிப் பத்திரமாக டிஜிட்டலுக்கு மாற்றுவது? மாற்றிய பிறகு யாரிடம் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கடலோடி (திருகோணமலை)

அண்ணா, முதலில் ஒரு சந்தேகம். 1861-ல் மூழ்கிய மரக்கப்பலின் சக்கரம் இன்னும் நிற்கிறதா? நான் இங்கே பத்து வருடமாகச் சுழியோடுகிறேன். மட்டக்களப்புக்கு வெளியே 1942-ல் மூழ்கிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது, அது இரும்பு. மரக்கப்பல் என்றால் எங்கள் கடலில் சில வருடங்களில் கப்பல் புழு குடைந்து தின்றுவிடும். மணலுக்குள் புதைந்த அடிப்பாகமும் சரக்கும்தான் மிஞ்சும்.


நீராழி (ஸ்காபரோ)

அதுதான் தம்பி விஷயம். கப்பல் புழுவுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். ஏரியில் அது கிடையாது. ஆழத்தில் வருடம் முழுக்க நாலு பாகை செல்சியஸ் அளவில் குளிர், இருட்டு, அலை இழுப்பு இல்லை. மரத்தை அரிக்கிற நுண்ணுயிர்களும் மெதுவாகத்தான் வேலை செய்யும். பாய்மரம் நிமிர்ந்தபடி, தட்டுமுட்டுச் சாமான் இருந்த இடத்தில் இருந்தபடி நூறு, நூற்றைம்பது வருடம் கிடக்கும். ஒன்ராறியோ, ஈரி, ஹூரோன், மிச்சிகன், சுப்பீரியர் என்ற ஐந்து பேரேரிகளிலும் ஆறாயிரம் கப்பல்கள் வரை மூழ்கியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

ரொபர்மோரி என்ற ஊருக்கு வந்தால் நீரில் இறங்கவே வேண்டாம். 'சுவீப்ஸ்ரேக்ஸ்' என்ற பாய்க்கப்பல் 1885-ல் மூழ்கியது, துறைமுகத்துக்குள் ஆறு மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் என் மகளைக் கூட்டிப்போனேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. "அப்பா, இது தூங்குதா?" என்று கேட்டாள்.


பழையநாடா (மதுரை)

அண்ணே, திருமண வீடியோ நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றித் தருவதுதான் பதினைந்து வருடமாக என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அந்தப் பழைய கேமராவில் இனி எந்த நாடாவையும் போடாதீர்கள். உள்ளே ரப்பர் உருளை இறுகியிருக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும். நாடாவில் தவறு இருக்காது. ஒவ்வொரு நாடாவையும் வெளிச்சத்தில் பிடித்து, நாடாப்பெட்டியில் உள்ள சின்னச் சன்னல் வழியாக உள்ளே பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் பூஞ்சை. அதைத் தனியே எடுத்து வையுங்கள். பூஞ்சை பிடித்த நாடா ஒன்றை ஓட்டினால், அந்தக் கருவியில் அடுத்து போடுகிற அத்தனை நாடாவுக்கும் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் பின்பக்கம் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளிவிடுங்கள், அப்போதுதான் தவறுதலாக மேலே பதிவாகாது.

அப்புறம், டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய 8 மி.மீ. நாடாவையும் ஓட்டும். ஓட்டும்போதே டிஜிட்டலாக மாற்றி ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். வாங்குவதற்கு முன் அந்த மாடல் பழைய நாடாவை ஓட்டுமா என்று உறுதிசெய்யுங்கள், எல்லா மாடலும் ஓட்டாது. நல்ல 8 மி.மீ. டெக்கும், படத்தை நேர்படுத்தும் டைம் பேஸ் கரெக்டரும் கிடைத்தால் அதைவிட நல்லது. உங்கள் நாடா கனடாவில் எடுத்தது, என்.டி.எஸ்.சி. என்ற வீடியோ முறை. அதனால் ஊரில் யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். இங்கே இருக்கிற கருவிகள் பெரும்பாலும் 'பால்' (PAL) என்ற வேறு முறை.

கடைசியாக ஒன்று. மாற்றும்போது படத்தை "அழகாக்க" வேண்டாம். நிறத்தைத் திருத்தாதீர்கள், நடுக்கத்தை நீக்காதீர்கள், ஆரம்பத்தில் வரும் கறுப்புத் திரையைக்கூட வெட்டாதீர்கள். மூலம் ஒரு கோப்பு, இழப்பில்லாத முறையில். திருத்துவது எல்லாம் அதன் பிரதியில். ஒலியையும் விடாதீர்கள். தண்ணீருக்குள் என்ன பேச்சு இருக்கப்போகிறது என்று ஒலித்தடத்தை விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. படகில் இறங்குவதற்கு முன் பேசியது அதில்தான் இருக்கும்.


நீராழி (ஸ்காபரோ)

நன்றி தம்பி. எல்லாத் தாழ்ப்பாளையும் இப்போதுதான் தள்ளிவிட்டு வந்தேன். பதினேழில் இரண்டில் அந்த வெள்ளைப் பொடி இருக்கிறது. தனி டப்பாவில் போட்டிருக்கிறேன்.


மரக்கலம் (சென்னை)

ஒரு அடிப்படைக் கேள்வி கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அவ்வளவு நல்ல நிலையில் இருந்தால் கப்பலையே மேலே தூக்கி அருங்காட்சியகத்தில் வைக்கலாமே? சுவீடனில் 1628-ல் மூழ்கிய வாசாவை 1961-ல் தூக்கினார்கள், இன்றைக்கும் இருக்கிறது. மட்டி மூடுவதற்குள் தூக்கியிருந்தால் வீடியோவை நம்பி இருக்க வேண்டாமே.


வடஏரி (மிச்சிகன்)

நல்ல கேள்விதான் நண்பரே. இங்கே அதைச் செய்தே பார்த்தார்கள். அதன் கதை எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

'ஆல்வின் கிளார்க்' என்று ஒரு பாய்க்கப்பல். 1864-ல் மிச்சிகன் ஏரியின் கிரீன் பே பகுதியில் மூழ்கியது. 1967-ல் மீன்வலை சிக்கியதால் கண்டுபிடித்தார்கள். சுழியோடிகள் சில பேர் சொந்த முயற்சியில் இரண்டு வருடம் உழைத்து 1969-ல் தூக்கினார்கள். உள்ளே இருந்த தண்ணீரை இறைத்ததும் கப்பல் தானாக மிதந்தது. நூற்றைந்து வருடம் அடியில் கிடந்த கப்பல்! ஊரே கரையில் நின்று பார்த்தது.

அதற்கு அப்புறம்தான் துயரம். தண்ணீர் ஊறிய மரத்தைக் காயவிட்டால் அதன் உள்ளறைகள் சுருங்கி, வெடித்து, பொடியும். வாசாவுக்குப் பல வருடம், மரம் சுருங்காமல் காக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், ஓர் அரசாங்கமே பின்னால் நின்றது. ஆல்வின் கிளார்க்குக்கு அந்தப் பணம் இல்லை. மெனோமினி என்ற ஊரில் திறந்த வெளியில் காட்சிக்கு நின்று, வெயிலும் பனியும் தின்று, 1994-ல் இடித்து அள்ளினார்கள். தூக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் அடியில் முழுசாக இருந்திருக்கும்.

தூக்கியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசையோடுதான் செய்தார்கள். ஆனால் இருக்கிற இடத்திலேயே விட்டு, படம் எடுத்து வைப்பது என்ற முடிவுக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் வந்ததில் அந்தக் கப்பலுக்கும் பங்கு உண்டு.


மரக்கலம் (சென்னை)

இது எனக்குத் தெரியாது. மனசு கனத்துப்போனது. சரி, அந்த மட்டி எங்கிருந்து வந்தது? முன்னாடி இல்லையா?


நீராழி (ஸ்காபரோ)

இல்லை. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து உயிர். சரக்குக் கப்பல்கள் பாரத்துக்காக வயிற்றில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரில் வந்து சேர்ந்தது. 1988-ல் சென் கிளெயர் ஏரியில் வரிக்குதிரை மட்டியை முதலில் கண்டார்கள். அடுத்த வருடமே ஈரி ஏரியில் அதன் தங்கை மாதிரி குவாகா மட்டி. வரிக்குதிரை மட்டி ஆழம் குறைந்த இடத்தில் கெட்டியான பொருளில்தான் ஒட்டும். குவாகா அப்படியில்லை. குளிரும் தாங்கும், ஆழமும் தாங்கும், சேற்றிலும் உட்காரும். தண்ணீரை வடிகட்டித் தின்று தின்றுதான் ஏரி இவ்வளவு தெளிவாகியிருக்கிறது. சுப்பீரியர் ஏரி மட்டும் ஓரளவு தப்பியது, அந்தத் தண்ணீரில் ஓடு கட்டச் சுண்ணாம்புச்சத்து போதாது.

மேலே ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்கலாமே என்று கேட்பார்கள். மட்டி நூல் மாதிரி ஒரு பசையால் மரத்தைப் பிடித்திருக்கும். பிய்த்தால் மரத்தின் மேல்தோலும் சேர்ந்து வரும். ஆணிகள் மேல் ஒட்டினால் அதன் அடியில் காற்றுப்படாத இடத்தில் பாக்டீரியா வளர்ந்து இரும்பை அரிக்கும். ஆணி போனால் பலகை கழன்று விழும். சும்மா விட்டால் எடை கூடிக்கொண்டே போகும்.

ஹமில்ற்றன், ஸ்கேர்ஜ் என்று இரண்டு போர்ப் பாய்க்கப்பல்கள் உண்டு. 1813 ஓகஸ்ற் 8 அதிகாலை, திடீர்ச் சூறையில் ஒன்ராறியோ ஏரியில் இரண்டும் கவிழ்ந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 90 மீற்றர் ஆழம். 1982-ல் தொலைவிலிருந்து இயக்கும் கமராவை இறக்கிப் படம் எடுத்தார்கள். முகப்புச் சிலை, பீரங்கி, செருகி வைத்த வாள்கள் எல்லாம் அப்படியே. 1990-ல் அங்கிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரலையாகவே காட்டினார்கள். இப்போது அந்த இரண்டையும் குவாகா மூடிவிட்டது. அந்த முகப்புச் சிலையின் முகத்தை இனி யாராவது பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பழைய படங்களில்தான் பார்க்க வேண்டும்.

என் ஆசிரியரின் பெட்டியை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பெரிய நிறுவனங்கள் போன இடங்கள் சில. மற்றக் கப்பல்கள் மட்டி வருவதற்கு முன் எப்படி இருந்தன என்பது இப்படி வார இறுதியில் கமரா தூக்கிக்கொண்டு போனவர்களின் அலமாரிகளில்தான் கிடக்கிறது. அவர்களுக்கெல்லாம் இப்போது எழுபது, எண்பது வயது. நாடாவுக்கும் வயதாகிறது.


தேன்மொழி (மிசிசாகா)

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன் அண்ணா. மட்டியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இருவர் 2023-ல் ஹூரோன் ஏரியில் கமராவை இறக்கி, 1895-ல் காணாமல்போன 'ஆபிரிக்கா' நீராவிக் கப்பலைக் கண்டுபிடித்த செய்தி நினைவு வந்தது. நிலக்கரி ஏற்றி ஓவன் சவுண்டுக்குப் போன கப்பல், பதினொரு பேரும் போய்விட்டார்கள். படத்தில் முழுக்க மட்டி. மட்டி தண்ணீரைத் தெளிவாக்கியதால்தான் அதைக் காணவும் முடிந்தது.

எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. இவை கல்லறைகளும்தானே? எங்கள் சனத்திலும் கடலில் போனவர்களின் உடல் கிடைக்காத குடும்பங்கள் எத்தனை. அப்படி ஒருவரின் கடைசி இடத்தை யாரோ படம்பிடித்து இணையத்தில் போட்டால் தாய்க்கு எப்படி இருக்கும்?


வடஏரி (மிச்சிகன்)

அக்கா, இதைக் கேட்டதற்கு நன்றி. இங்கே இது பெரிய காயம். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கியது. 530 அடி ஆழம். 1994-ல் போன ஒரு பயணத்தில் மாலுமி ஒருவரின் உடல் படத்தில் பதிவானது. குடும்பங்கள் துடித்துப்போனார்கள். 1995 ஜூலை 4 அன்று, குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் கப்பலின் மணியை மட்டும் மேலே எடுத்து, 29 பெயரும் பொறித்த வேறொரு மணியை அங்கே வைத்தார்கள். அந்தக் கப்பல் கிடப்பது கனடா பக்கம். இப்போது ஒன்டாரியோ மாகாணத்தின் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. நீராழி சொன்ன ஹாமில்டன், ஸ்கர்ஜ் இரண்டுக்கும் அதே விதி.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கார்ல் டி. பிராட்லி என்ற கப்பல் 1958 நவம்பர் 18 அன்று மிச்சிகன் ஏரியில் போனது. 35 பேரில் இருவர் பிழைத்தார்கள். கப்பல் இரண்டாக உடைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று சொன்னார்கள். ஒலியலையால் அடியைப் பார்க்கும் சோனார் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே துண்டாகத்தான் கிடக்கிறது என்றது உரிமையாளர் நிறுவனம். பிழைத்தவர்களில் ஒருவர் 1997-ல் அங்கே போனார். இறக்கிய கமரா இரண்டு துண்டுகளையும் காட்டியது. முப்பத்தொன்பது வருடம் அந்த மனிதர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சி ஒரு வீடியோ.

அயர்ன்டனும் அப்படித்தான். 1894-ல் ஹூரான் ஏரியில் மோதி மூழ்கிய பாய்க்கப்பல், ஏழு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். உயிர்காக்கும் படகில் ஏறியும், அதைக் கப்பலோடு கட்டிய கயிற்றை அவிழ்க்க முடியவில்லை, படகையும் கப்பல் இழுத்துக்கொண்டு போனது என்று பிழைத்தவர் சொல்லியிருந்தார். அல்பீனாவில் இருக்கிற, மூழ்கிய கப்பல்களைக் காக்கும் தண்டர் பே சரணாலயத்தார் 2019-ல் அதைக் கண்டுபிடித்து, அப்புறம் கமராவை இறக்கினார்கள். மூன்று பாய்மரமும் நிமிர்ந்து நிற்கின்றன. பின்புறம் அந்தச் சின்னப் படகு. கயிறு இன்னும் கட்டியபடியே. நான் அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது ஒலியை நிறுத்திவிட்டேன். சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.


தேன்மொழி (மிசிசாகா)

அந்தக் கயிற்றைப் பற்றி வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் சொன்னது உண்மை என்று தெரிந்ததே, அது ஆறுதல்தான். அப்படியென்றால் எடுக்கட்டும். ஆனால் உடல் ஏதும் தெரிந்தால் அந்தப் பகுதியைப் பொதுவில் போடக் கூடாது. இதை நீங்கள் எல்லோரும் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.


நீராழி (ஸ்காபரோ)

கட்டாயம் தங்கச்சி. இந்தப் பெட்டியில் உள்ள கப்பல்களில் அப்படி ஒன்றும் இருக்கும் என்று நினைக்கவில்லை, இருந்தாலும் ஒவ்வொரு நாடாவையும் கடைசிவரை பார்த்த பிறகுதான் வெளியே தருவேன்.


கடலோடி (திருகோணமலை)

அண்ணா, இனிப் புதிதாக எடுப்பவர்கள் எப்படி எடுக்க வேண்டும்? எங்கள் ஆட்கள் எடுப்பதெல்லாம் ஒருவர் கையாட்டுவதும் மீன் போவதும்தான். பிறகு பார்த்தால் கப்பலின் எந்தப் பக்கம் என்றே தெரியாது.


நீராழி (ஸ்காபரோ)

இங்கேயும் அதே கதைதான் தம்பி. நான் ஆசிரியரிடம் படித்தது இது. இறங்கியவுடன் எழுதுபலகையைக் கமராவுக்குக் காட்டு: திகதி, கப்பலின் பெயர், ஆழம், எந்த முனையிலிருந்து தொடங்குகிறாய். பிறகு கப்பலை ஒரே திசையில் ஒரு முழுச் சுற்று, அவசரமில்லாமல். நல்ல இடம் வந்தால் பத்து விநாடி அசையாமல் நில். சூம் பண்ணாதே, நீயே கிட்டப் போ. சில மீற்றர் இறங்கியதுமே சிவப்பு நிறம் போய்விடும், அதனால் விளக்கு வேண்டும். ஆனால் விளக்கைக் கமராவுக்குப் பக்கத்திலேயே பிடித்தால் தூசியெல்லாம் பனி பெய்வது போல மின்னும். கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடி. காலில் மாட்டிய துடுப்பை மேலும் கீழும் அடிக்காதே, தவளை மாதிரி உதை. ஒரு தடவை அடிச்சேறு கிளம்பினால் அன்றைக்கு வேலை முடிந்தது. எதையும் தொடாதே.

இப்போது கணினி வேறு வந்துவிட்டது. படத்துக்குப் படம் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்தால் முப்பரிமாண மாதிரியே கட்டித் தருகிறது. ஓர் அளவுகோலைச் சட்டகத்துக்குள் வைத்தால் பலகையின் நீளத்தை மேலே வந்து அளக்கலாம். இரண்டு வருடம் கழித்து அதையே எடுத்து ஒப்பிட்டால் எந்தப் பலகை சரிந்தது, எவ்வளவு மட்டி கூடியது என்று தெரியும்.


பழையநாடா (மதுரை)

ஒரு எச்சரிக்கை. இன்றைக்கு எடுக்கிறதும் பத்திரம் என்று நினைக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் நாடா போய் வருகிறவர்களைவிட ஹார்ட் டிஸ்க் போய் வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். நாடா கெட்டால் கோடு விழும், நடுங்கும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஸ்க் போனால் மொத்தமும் போகும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். கோப்பின் பெயரிலேயே தேதியும் கப்பல் பெயரும் இருக்கட்டும்.


வடஏரி (மிச்சிகன்)

யாரிடம் கொடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பகுதியின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கும் மாகாணத்தின் தொல்லியல் பிரிவுக்கும் எழுதிப் பாருங்கள். உங்கள் ஆசிரியரிடம் ஒரு கையெழுத்துக் கடிதம் வாங்கிவிடுங்கள், யார் பயன்படுத்தலாம் என்று. அவர் இருக்கும்போதே. முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாடா ஓட ஓட அவர் சொல்வதைத் தனியாகப் பதிவுசெய்யுங்கள். இன்னும் பொதுவில் வராத கப்பல் ஏதாவது இருந்தால் அது கிடக்கிற இடத்தை மட்டும் இணையத்தில் போடாதீர்கள். கப்பிகளையும் தட்டுகளையும் கழற்றிக்கொண்டு போகிற ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.


நீராழி (ஸ்காபரோ)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நண்பர் ஒருவரிடம் நல்ல டிஜிட்டல்8 கமரா கிடைத்தது. பதினேழில் பன்னிரண்டு நாடா மாற்றியாயிற்று. பூஞ்சை பிடித்த இரண்டையும் சிக்கிய ஒன்றையும் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஆசிரியர் இரண்டு சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார். மதுரைத் தம்பி சொன்னது போல ஒலியை விடவில்லை. 1988 ஜூலை நாடாவில், கறுப்புத் திரையிலேயே படகு எஞ்சின் சத்தமும் ஒரு பெண் சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய மனைவி. ஒன்பது வருடமாகிறது அவர் போய். "அவள்தான் படகு ஓட்டுவாள்" என்றார். திரும்பப் போடச் சொன்னார், போட்டேன்.

கொமெற்றின் இடப்பக்கச் சக்கரம் மூன்று நாடாக்களில் இருக்கிறது. மூன்றிலும் எழுதுபலகையில் திகதி இருக்கிறது, மூன்றிலும் அதே கையைக் கிட்டப் போய் எடுத்திருக்கிறார். 1988-ல் வெறும் மரம். 1991-ல் விளிம்பில் விரல்நகம் அளவில் நாலைந்து புள்ளிகள். "அது என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது, நத்தை என்று நினைத்தேன்" என்றார். 1993-ல் ஆணி வட்டம் தெரியவில்லை. மூன்று சட்டகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வசந்தத்தில் பனி உருகியதும் அதே கையை, அதே கோணத்தில், நான் போய் எடுக்கப் போகிறேன். படகில் ஆசிரியரும் வருகிறார்.